விலகிய 15 பெண்களைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்கிறார் பணிப்பாளர்

இந்த வாரக் கடிதம் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் தன்னுடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரம் மட்டும் இங்கே.

அவர் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றில் செயற்திட்ட அலுவலர். கணக்கியல் படித்தவர். கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்காக அந்த நிறுவனம் 16 வாரப் பயிற்சி ஒன்றை நடத்துகிறது: கணக்கு வைப்பது, விலை நிர்ணயிப்பது, கடன் விண்ணப்பம் தயாரிப்பது, ஆளுக்கொரு வழிகாட்டி. 2021 இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் நடந்த முதல் இரண்டு அணிகளில் 46 பேர் சேர்ந்தார்கள். 31 பேர் முடித்தார்கள். சேர்ந்தபோது 4,000 டொலராக இருந்த இந்த 31 பேரின் சராசரி மாத விற்பனை, 2023இல் 5,520 டொலர். நாலு பேருக்கு வங்கிக் கடன் கிடைத்தது. நிதி வழங்குநருக்கு இரண்டு மாதத்தில் மதிப்பீட்டு அறிக்கை போகவேண்டும். "38 வீத வளர்ச்சி என்பதை முதற்பக்கத்தில் போடுங்கள், விலகிய 15 பேரைப் பற்றி எழுதவேண்டாம்" என்று பணிப்பாளர் சொல்லியிருக்கிறார். புதிய அணிக்கு 25 இடம். 60க்கு மேல் விண்ணப்பங்கள்.

வாசகியின் சந்தேகங்கள் பல. விலகியவர்களை விடுவது பொய்யாகுமா? நாலே நாலு கடன் என்றால் செயற்திட்டம் தோல்விதானே? அனுமதிப் படிவத்தில் எல்லோரும் கையொப்பமிட்டிருப்பதால் அவர்களுடைய வங்கிக் கணக்கு விபரங்களைப் பயன்படுத்தலாமா? அமெரிக்காவில் இப்படியான உதவி ஒன்றை நீதிமன்றம் நிறுத்தியதே, நம்மையும் யாரும் வழக்கில் இழுப்பார்களா? இவற்றோடு இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: "நாங்களும் அகதிகளாக வந்து, சீட்டுப் பிடித்து, கடை போட்டு முன்னுக்கு வந்தவர்கள்தானே. இந்தப் பெண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு உதவி என்று மனம் கேட்கிறது. கேட்பதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. இப்படி நினைக்கிற ஒருத்தி அவர்களை மதிப்பிடலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் முதலில் மாற்றிவிடுகிறேன். நீங்கள் மதிப்பிடப்போவது அவர்களை அல்ல, உங்கள் நிறுவனத்தின் பயிற்சியை. இது தெளிவானால் பணிப்பாளரோடு கதைப்பதும் சுலபமாகும். "யார் வென்றார், யார் தோற்றார்" என்று பெண்களை வரிசைப்படுத்தும் அறிக்கையில் விலகியவர்கள் இடைஞ்சல்தான். "நாம் கொடுத்தது யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை, ஏன்" என்று கேட்கும் அறிக்கைக்கோ அவர்கள் இல்லாமல் முடியாது.

அந்த 38 வீதம்

கணக்கியல் படித்தவர் நீங்கள். என்னோடு சேர்ந்து இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். உணவு தயாரித்து வழங்கும் பெண் ஒருவருக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைத்து, அவருடைய மாத விற்பனை 6,000 டொலரிலிருந்து 38,000 ஆனது என்று கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். 31 பேரின் மொத்த மாத விற்பனை முன்பு 1,24,000, பிறகு 1,71,120. கூடியது 47,120 டொலர். அதில் 32,000 அந்த ஒருவருடையது. அவரை எடுத்துவிட்டால் மற்ற 30 பேருக்கும் சேர்த்து 1,18,000 டொலர் 1,33,120 ஆகியிருக்கிறது. வளர்ச்சி 13 வீதத்துக்கும் சற்றுக் குறைவு.

விலைவாசியையும் பார்க்கவேண்டும். கனடாவில் நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022இல் 6.8 வீதமும் 2023இல் 3.9 வீதமும் ஏறியது. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 11 வீதம். அந்த 30 பெண்களின் "வளர்ச்சி"யில் பெரும்பகுதி டொலரின் பெறுமதி குறைந்ததால் வந்தது.

தொடக்கக் கணக்கு எடுத்த காலத்தையும் யோசியுங்கள். ரொறன்ரோவில் முடி அலங்கார நிலையங்கள் 2020 நவம்பர் 23 முதல் 2021 ஜூன் 30 வரை பூட்டிக் கிடந்தன. உங்கள் முதல் அணியில் எத்தனை பேர் முடி அலங்காரத் தொழில் செய்பவர்கள்? கடை பூட்டியிருந்த இளவேனிலில் எடுத்த விற்பனையை, கடை திறந்து இரண்டு வருடமான பின் எடுத்த விற்பனையோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் வெற்றியாகத்தான் தெரியும். பயிற்சிக்கே வராத பக்கத்துக் கடைக்காரிக்கும் அதே காலத்தில் விற்பனை ஏறியிருக்கும்.

ஆகவே சராசரியைக் கைவிட்டு நடுப்பெறுமதியைப் போடுங்கள். 31 பேரை வரிசையாக நிறுத்தினால் 16ஆவது பெண்ணுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பெரிய ஒப்பந்தம் பெற்றவரின் கதையையும் எழுதுங்கள், தனியாக, கதையாகவே. தொழில் வாரியாகப் பிரியுங்கள். இத்தனைக்கும் விற்பனை என்பது அரைகுறை அளவுகோல். மாதக் கடைசியில் அந்தப் பெண் வீட்டுக்கு எடுத்துப்போகும் பணம் எவ்வளவு, அதற்காக வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் உழைக்கிறார், கடனட்டையில் எவ்வளவு நிற்கிறது: இவற்றைக் கேளுங்கள். விற்பனை கூடி, கடனும் கூடி, நித்திரை குறைந்த பெண்களை இந்தத் துறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நட்டத்தில் ஓடிய தொழிலைக் கணக்குப் பார்த்துத் தானே மூடிய பெண்ணும் உங்கள் பயிற்சியின் நல்ல பெறுபேறாக இருக்கலாம். வழமையான படிவங்களில் அவருக்கு "தோல்வி" என்றுதான் குறி விழும்.

விலகிய 15 பேர்

இவர்களை விடுவது பொய்யா என்று கேட்டிருந்தீர்கள். "முடித்தவர்கள் 31 பேரின் பெறுபேறு" என்று தெளிவாகச் சொல்லி, "46 பேர் சேர்ந்தார்கள்" என்பதையும் அதே பக்கத்தில் போட்டால் பொய் இல்லை. 46ஐ மறைத்து 31ஐ மட்டும் காட்டினால் அது ஏமாற்று. நிதி ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். சேர்ந்தவர் எண்ணிக்கையும் முடித்தவர் எண்ணிக்கையும் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும், பதிவேடுகளைக் கணக்காய்வு செய்யும் உரிமையும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழமையாக இருக்கும். பணிப்பாளரிடம் இதை நேர்மைப் பிரச்சினையாகக் கொண்டுபோவதை விட ஒப்பந்தப் பிரச்சினையாகக் கொண்டுபோவது நல்லது. சொல்வதை மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் சொன்னதற்குச் சாட்சி இருக்கும்.

விலகியவர்கள் எல்லோரும் தோற்றவர்கள் என்ற எண்ணம் உங்கள் கடிதத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வகுப்பு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, பிள்ளை பராமரிப்பு வசதி கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் ஆறாவது வாரத்தில் நின்றுபோனால் அவரிடம் குறையில்லை, நேர அட்டவணையில் குறை. வேலை அதிகமாகி நேரமில்லாமல் நின்றவரும் இருப்பார். ஏற்கெனவே பத்து வருடம் தொழில் செய்தவருக்கு "வணிகத் திட்டம் என்றால் என்ன" என்று பாடம் நடத்தியதால் சலித்துப்போனவரும் இருப்பார். 15 பேரையும் தொலைபேசியில் அழைக்கச் செய்யுங்கள். அழைப்பவர் உங்கள் ஊழியராக இருக்கக்கூடாது. முதல் அணியில் முடித்த பெண்கள் இருவரை இதற்கு அமர்த்தலாம்; அவர்களுக்கும், நேரம் ஒதுக்கிப் பதில் சொல்பவர்களுக்கும் பணம் கொடுங்கள். அந்தப் பெண்களிடம் இலவசமாக எடுக்கக்கூடாத ஒன்று நேரம்.

யாரோடு ஒப்பிடுவது

இங்கே ஒரு கசப்பான ஆய்வைச் சொல்லவேண்டும். அமெரிக்கத் தொழில் திணைக்களம் 2003 முதல் 2005 வரை பென்சில்வேனியா, மின்னசோட்டா, மெய்ன் மாநிலங்களில் 'கேட்' என்ற தொழில்முனைவோர் பயிற்சியை நடத்தியது. விண்ணப்பித்த நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு இலவசப் பயிற்சி கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். வேலையில்லாமல் இருந்தவர்களிடம் தொடக்கத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது. பிறகு அது கரைந்தது. கடன் கிடைக்காதவர்களுக்கும் பாகுபாட்டை எதிர்கொள்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி குறிப்பாக உதவியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஏன்? பயிற்சி கிடைக்காதவர்களும் சும்மா இருக்கவில்லை. விண்ணப்பிக்கும் அளவுக்கு முனைப்புள்ளவர்கள் எப்படியோ தொழிலைத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் "முன்–பின்" ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

பயிற்சியே வீண் என்று இதற்குப் பொருள் எடுக்கவேண்டாம். டோகோவின் லோமே நகரில் 1,500 சிறு தொழில்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்ற வழக்கமான பாடம் ஒரு பகுதியினருக்கு. தானே முன்வந்து வாய்ப்பைத் தேடவும் தடைகளை முன்கூட்டிப் பார்க்கவும் பழக்கும் உளவியல் பயிற்சி இன்னொரு பகுதியினருக்கு. இரண்டாவது பயிற்சி பெற்றவர்களின் இலாபம் 30 வீதம் கூடியது. பெண்களை மட்டும் பார்த்தால் அது 40 வீதம். வழக்கமான பாடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 5 வீதம்தான். லோமேயையும் ஸ்காபரோவையும் அப்படியே ஒப்பிடமுடியாது. ஆனாலும் "பயிற்சி உதவுமா" என்று பொதுவாகக் கேட்பதை விட "எந்தப் பயிற்சி, யாருக்கு" என்று கேட்பதே பயனுள்ளது.

உங்கள் கையில் இப்போது ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது: 60க்கு மேல் விண்ணப்பங்கள், 25 இடங்கள். தகுதியுள்ளவர்களுக்குள் குலுக்கல் போடுங்கள். இடம் கிடைக்காதவர்களை அடுத்த அணிக்குக் காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். அவர்களிடமும் இப்போதும் ஒரு வருடம் கழித்தும் அதே கேள்விகளைக் கேளுங்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்த்து எடுப்பதை விடக் குலுக்கல் நியாயமானதும்கூட. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உறுதியான முடிவு வராது; அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

நாலு கடன்

இது தோல்வியா என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஐந்து பேர் விண்ணப்பித்து நாலு பேருக்குக் கிடைத்ததும், இருபது பேர் விண்ணப்பித்து நாலு பேருக்குக் கிடைத்ததும் வேறு வேறு கதைகள். எப்படியும் மறுப்பார்கள் என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் எத்தனை பேர்? கேட்ட தொகை எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, என்ன வட்டி, பதில் வர எத்தனை நாள், மறுப்புக்குச் சொன்ன காரணம் என்ன என்று கேட்டுப் பதியுங்கள். அப்படிப் பதிந்தால் உங்கள் அட்டவணை வங்கிகளையும் சேர்த்து அளக்கும். விண்ணப்பத்தைத் திருத்தும் வேலை 16 வாரத்தில் முடியும். அதை வாசிக்கும் கடன் அதிகாரியின் மனதைத் திருத்துவது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

மத்திய அரசு 2020 செப்டம்பரில் கறுப்பினத் தொழில்முனைவோர் செயற்திட்டத்தை அறிவித்தபோது சொன்ன 221 மில்லியன் டொலரில் 128 மில்லியன் வரையானது நிதி நிறுவனங்கள் கடனாகக் கொடுக்கவிருந்த பணம். அதன் கீழ், கறுப்பினத் தொழில்முனைவோருக்குக் கடன் வழங்கும் 'ஃபேஸ்' கூட்டமைப்பின் ஊடாக 2,50,000 டொலர் வரை கடன் கேட்கலாம் என்றார்கள். உங்கள் பெண்களில் யார் அந்தக் கதவைத் தட்டினார்கள், என்ன பதில் வந்தது என்பது நிதி வழங்குநருக்கு 38 வீதத்தை விடப் பயன்படும் தகவல்.

சீட்டும் சூசுவும்

இப்போது நீங்கள் வெட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்டது நல்லது, மனதுக்குள் வைத்திருந்தால் அது அறிக்கையின் வரிகளுக்குள் புகுந்துவிடும்.

நாம் சீட்டுப் பிடித்து முதல் சேர்த்தோம் என்கிறீர்கள். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். டிரினிடாட்காரர் சூசு என்பார்கள், ஜமெய்க்காக்காரர் பார்ட்னர், சோமாலியர் ஹக்பாட், எத்தியோப்பியர் இக்குப். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுக்கும் அதே ஏற்பாடு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பேராசிரியராக இருக்கும் கரோலின் ஷெனாஸ் ஹொசைன் இந்த நகரத்திலேயே இதை நடத்தும் கறுப்பினப் பெண்களைப் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்து எழுதிவருகிறார். உங்கள் படிவத்திலோ "வெளி நிதி பெற்றீர்களா: வங்கி, அரசு, முதலீட்டாளர்" என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. சூசுவில் 8,000 டொலர் எடுத்து அடுப்பு வாங்கிய பெண் அதில் "இல்லை" என்றே குறியிடுவார். அவர் முதல் திரட்டத் தெரியாதவர் என்று உங்கள் அட்டவணை சொல்லும். நமக்கும் ஒரு காலத்தில் இதே படிவத்தை நீட்டினார்கள். நாமும் சீட்டைச் சொல்லவில்லை.

ஒற்றுமை அவ்வளவு தூரம்தான். நமக்குக் கடையில் வாடிக்கையாளரும் மொத்த வியாபாரியும் கணக்குப் பார்ப்பவரும் நம் மொழியிலேயே கிடைத்தார்கள். கடன் கேட்கப் போகும்போது நம் தோலைப் பார்த்துப் பாகுபாடு காட்டியதும் உண்டு. ஆனால் கறுப்பினத்தவர் மேல் இந்த நாடு சுமத்தியது வேறு அளவு. நோவா ஸ்கோஷியாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆப்பிரிக்வில் மக்களின் வீடுகளை ஹாலிஃபாக்ஸ் நகரசபை 1960களில் இடித்துத் தள்ளியது. அடகு வைக்க வீடு இல்லாதவரின் பேத்திக்கும் தொழில் தொடங்க ஈடு இல்லை. 1955 முதல் 1967 வரை கரீபியப் பெண்களைக் கனடா வரவேற்றது வீட்டு வேலைக்காக. நேற்று நைஜீரியாவிலிருந்து பட்டத்தோடு வந்தவரின் நிலை இவை இரண்டும் அல்ல. எல்லோரையும் "கறுப்பினப் பெண்கள்" என்ற ஒரே நிரலில் கூட்டி வகுத்தால் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவராது. 2018இல் கனடாவில் 66,880 கறுப்பினத் தொழில் உரிமையாளர்கள் இருந்ததாகப் புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கிட்டது. அவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆகவே நீங்கள் மதிப்பிடலாமா? தனியாக வேண்டாம். கேள்விகளைத் தயாரிக்கும்போதே பங்கேற்ற பெண்கள் நாலைந்து பேரைச் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "உங்களுக்கு வெற்றி என்றால் என்ன" என்று அவர்களே சொல்லட்டும்.

படிவத்தில் போட்ட கையொப்பம்

அது போதாது. பயிற்சியில் இடம் வேண்டுமென்றால் கையொப்பமிடு என்ற நிலையில் வாங்கிய சம்மதத்தை நான் சம்மதமாக எடுப்பதில்லை. எதற்காக, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று சொல்லி மறுபடி கேளுங்கள். மறுத்தால் எந்த உதவியும் நிற்காது என்பதை எழுத்தில் கொடுங்கள். வங்கிக் கூற்று தேவையே இல்லை. தொகையை அவர்களே எழுதித் தரலாம். 46 பேர் கொண்ட குழுவில் "ஏஜாக்ஸில் கேக் கடை வைத்திருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய்" என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஐந்து பேருக்குக் குறைவாக வரும் எந்தக் கட்டத்தையும் வெளியிடவேண்டாம். ஒன்ராறியோவில் கறுப்பினச் சுகாதாரச் செயலணி ஒன்று 2021இல் 'ஈகாப்' என்ற தரவு ஆளுகைச் சட்டகத்தை வெளியிட்டது. சுகாதாரத் தரவுக்காக எழுதப்பட்டதானாலும், சமூகத்தின் தரவு யார் கையில் இருக்கவேண்டும் என்பதற்கு நல்ல வழிகாட்டி.

அமெரிக்க வழக்கு

நீங்கள் கேள்விப்பட்டது அட்லாண்டாவின் 'ஃபியர்லெஸ் ஃபண்ட்' என்ற முதலீட்டு நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு. கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டொலர் மானியம் வழங்கும் அதன் போட்டியை எதிர்த்து, இன அடிப்படையிலான உதவிகளை எதிர்க்கும் அமைப்பு ஒன்று 2023 ஓகஸ்டில் வழக்குப் போட்டது. 2024 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. செப்டம்பரில் சமரசமாகி, போட்டி நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பயன்படுத்திய சட்டம், அடிமை நிலையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு ஒப்பந்த உரிமை கொடுக்க 1866இல் இயற்றப்பட்டது என்பதைச் சொல்லாமல் கடக்கமுடியவில்லை.

கனடாவின் சட்டம் வேறு. உரிமைகள் சாசனத்தின் 15(2) பிரிவு, பின்தங்க வைக்கப்பட்டோரின் நிலையை மேம்படுத்தும் செயற்திட்டங்களுக்கு இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2008இல் காப் வழக்கில் அதை உறுதிசெய்தது. சாசனம் அரசுக்குப் பொருந்துவது. உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவையின் 14ஆம் பிரிவு பொருந்தும். பொருளாதாரப் பின்னடைவைப் போக்கும் "விசேட செயற்திட்டங்களை" அது அனுமதிக்கிறது. யாருக்காக, எந்தப் பின்னடைவுக்காக என்ற காரணம் எழுத்தில் இருப்பது நல்லது. உங்கள் மதிப்பீட்டு அறிக்கையே அதற்கான ஆவணமாகலாம். மேற்கொண்டு சந்தேகமிருந்தால் நிறுவனத்தின் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் சட்டத்தரணி அல்ல.

இந்த இரண்டு மாதத்தில்

முதல் இரண்டு வாரம் கேள்விகளையும் சம்மதத்தையும் திருத்த, அடுத்த நாலு வாரம் 46 பேரையும் தேடிப் பேச, மிச்சம் எழுத. நிதி வழங்குநரின் அலுவலரை இப்போதே அழைத்து, "விலைவாசியைக் கழித்து, விலகியவர்களையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறோம், எண் சிறிதாக இருக்கும்" என்று சொல்லிவிடச் சொல்லுங்கள் பணிப்பாளரை. நான் கண்டவரை, எண் சிறிது என்பதற்காகக் கோபப்படும் அலுவலர்கள் குறைவு. பிறகு தெரியவந்தால் கோபப்படுவார்கள்.

முதற்பக்கத்துக்கு ஒரு பத்தி எழுதித் தருகிறேன், பணிப்பாளரிடம் காட்டுங்கள்: "46 பெண்கள் சேர்ந்தார்கள், 31 பேர் முடித்தார்கள். முடித்தவர்களில் 30 பேரின் மொத்த விற்பனை விலைவாசியை ஒட்டியே ஏறியது. ஒருவருடையது பெருமளவு ஏறியது. இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று இந்தத் தரவால் பிரித்துச் சொல்லமுடியாது. விலகியவர்கள் சொன்ன காரணங்களின்படி அடுத்த அணியின் நேரத்தையும் பாடத்தையும் மாற்றுகிறோம்." அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் பெயர் இல்லாமல் அறிக்கை போகட்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எப்படிப் போனாலும், இறுதி வடிவத்தின் ஒரு பிரதி நிதி வழங்குநருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பாவது அந்த 46 பேருக்கும் போகவேண்டும், விலகிய 15 பேர் உட்பட.